ஆபீஸ் செடி

அந்தச் செடிக்கு ஒரு பெயர் இருக்கும் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. சித்தி கம்பெனி ஆபீசிலிருந்து கொண்டுவந்ததால் அது ஆபீஸ் செடி. இலை அம்பின் முனை மாதிரி இருக்கும். சேப்பங்கிழங்கு இலைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்றாள் அம்மா. நான் ஒரு படி மேலே போய் அதை வைத்தியர் என்றே நம்பினேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டி, சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட ஆறு வீடுகளில் மூன்றாவது எங்களுடையது. அப்பா இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் உலைக்குப் பக்கத்தில் நின்றவர். அந்த வருடம் மழை தொடங்கும்போது அவரால் நிற்க முடியவில்லை. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தூசு உள்ளே போய்ப் படிந்துவிட்டது, வீட்டில் ஓய்வாக இருங்கள் என்று அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் ஓய்வாக இருக்கலாம், தூசு இல்லாமல் இருக்க முடியாது. எங்கள் வரிசையில் யாரும் வெளியே துணி காயப்போட மாட்டார்கள். தண்ணீர்க் குடத்தைக் கொஞ்ச நேரம் மூட மறந்தாலும் மேலே கறுப்பாக ஓர் ஆடை மிதக்கும்.

சித்தி அம்மாவின் தங்கை, எதிர்வரிசையில் குடியிருந்தாள். பேட்டையில் வேறொரு கம்பெனியில் ஆபீஸ் அறைகளைக் கூட்டித் துடைக்கிற வேலை. வாய் ஓயாத மனுஷி. அங்கே பெரியவர்கள் உட்காரும் ஏசி அறையில் மூலைக்கு மூலை இந்தச் செடி இருக்கிறதாம். காற்றில் உள்ள அழுக்கையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்களாம். சித்தி யோசித்துப் பார்த்தாள். அந்த அறையில் செடி இருக்கிறது, ஒருத்தர்கூட இருமுவதில்லை. எங்கள் வீட்டில் செடி இல்லை, அப்பா இருமுகிறார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அங்கே ஜன்னலை அடைத்து வைத்திருப்பதும், காற்று மெஷினில் வடிகட்டி வருவதும் அவள் கணக்கில் வரவில்லை. எங்கள் கணக்கிலும் வரவில்லை. ஒரு கொடியைக் கணுவோடு கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள்.

கணு மட்டும் தண்ணீருக்குள் இருக்கும்படி ஊறுகாய் பாட்டிலில் நிறுத்தினோம். பத்து நாளில் வெள்ளை வேர் நூல் நூலாக இறங்கியது. பிறகு பாதியாக அறுத்த பெயின்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் தேங்காய் நாரும் கலந்து நட்டோம். வெயில் நேராகப் பட்டால் இலை தீய்ந்துவிடும் என்பதால் ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளி, அப்பாவின் கட்டில் தலைமாட்டில் வைத்தோம். செடியின் பொறுப்பு முழுக்க என்னுடையது. பாசம் பொங்கி இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றியதில் முதல் மாதமே மூன்று இலைகள் பழுத்து விழுந்தன. அம்மா முதுகில் ரெண்டு வைத்தாள். அதற்கப்புறம்தான் மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றப் பழகினேன்.

முக்கியமான வேலை இலையைத் துடைப்பது. ஆபீசில் தினமும் துடைக்கிறார்கள் என்று சித்தி சொல்லியிருந்தாள். அப்பாவின் கிழிந்த வெள்ளை பனியனில் ஒரு துண்டை நனைத்து, பள்ளிக்கூடம் போவதற்கு முன் ஒவ்வோர் இலையாகத் துடைப்பேன். துணி கறுத்துவிடும். எனக்குச் சந்தோஷம் தாங்காது. அப்பாவின் நெஞ்சுக்குள் போயிருக்க வேண்டியதைச் செடி தன் மேல் வாங்கிக்கொண்டது என்றுதானே அர்த்தம்? துணியை அப்பாவின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டுவேன்.

"பாருப்பா, ஒரே நாள்ல இவ்ளோ இஸ்துக்கினுச்சி."

முதல் சில நாட்கள் சிரித்தார். பிறகு சிரிக்காமல் துணியையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் காலையில் என்னை அருகே கூப்பிட்டு, துணியின் வெளுத்த மூலையை விரலில் சுற்றி, என் மூக்கின் உள்பக்கம் மெல்லத் துடைத்தார். அந்த மூலையும் கறுத்தது. சளி என்று நினைத்து எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் துணியை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அன்று முழுக்க அதைத் திருப்பித் தரவில்லை.

அந்த வாரமே என்னைப் பள்ளிப்பட்டில் அத்தை வீட்டில் விடுவது என்று முடிவாயிற்று. அத்தை அப்பாவின் அக்கா. மாமா வேர்க்கடலை பயிரிடுகிறவர். வீட்டைச் சுற்றி வயல்தான், புகைபோக்கி என்று ஒன்று கண்ணில் படாது. இலை பழுத்ததற்கான தண்டனை இது என்று நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் அழுதேன். நான் போய்விட்டால் யார் துடைப்பார்கள்? தான் துடைப்பதாகச் சித்தி சத்தியம் செய்த பிறகுதான் பையைத் தொட்டேன். புறப்படும்போது அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே பிளேடால் ஒரு தண்டைக் கணுவுக்குக் கீழே வெட்டினார். அதன் பால் பட்டால் அரிக்கும். அவர் கையைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"இத்த அத்தை ஊட்ல வெச்சி வளக்கணும். தெனம் எலயத் தொடச்சிப் பாரு. துணி எப்டி கீதுன்னு எனக்குப் போன்ல சொல்லு," என்றார். "மறந்துடாத, இன்னா?"

அத்தை வீட்டில் தண்டு வேர் விட்டது. மண்ணுக்கு மாற்றியதும் புது இலைகள் ஒவ்வொன்றாகச் சுருள் பிரிந்தன. ஆனால் துணி கறுக்கவில்லை. எவ்வளவு அழுத்தித் துடைத்தாலும் வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. கும்மிடிப்பூண்டியில் அவ்வளவு நன்றாக வேலை செய்த செடி இங்கே வந்து சோம்பேறியாகிவிட்டதே என்று அதன் மேல் கோபம் வந்தது. எனக்குத்தான் கைராசி இல்லையோ என்றும் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவின் போனில் அப்பா பேசுவார். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே துணியைப் பற்றிக் கேட்பார். இலை இன்னும் சின்னது என்று ஒரு வாரம் சமாளித்தேன். துடைக்க மறந்துவிட்டேன் என்று இன்னொரு வாரம். அவருடைய குரல் வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு பேச்சை முடிப்பதற்குள் இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. செடி வேலை செய்யவில்லை என்று சொன்னால், தலைமாட்டில் இருக்கும் செடியின் மேலும் அவருக்கு நம்பிக்கை போய்விடும். நம்பிக்கை போனால் மனிதர் எப்படிப் பிழைப்பார்? ஆகவே பொய் சொல்வது என்று தீர்மானித்தேன். அதுவும் முழுப்பொய்யாக இருக்கக் கூடாது என்று, அத்தையின் சோற்றுப்பானை அடிக்கரியில் துணியைத் தேய்த்துக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினேன். எத்தனையோ பொய்கள் சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருந்தால் எதையும் கொடுப்பேன்.

"துணி கருப்பா வருதுப்பா. நம்ம ஊட்ல வருமே, அதே மாரி."



"அங்கியுமா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா. மை மாரி."

போன் அம்மாவின் கைக்குப் போய்விட்டது. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, அப்புறம் பேசுவார் என்றாள். சந்தோஷத்தில் அவருக்குப் பேச்சு வரவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கு அடுத்த புதன்கிழமை பகலில் வந்தது. மாமா பேசி முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சட்டையை எடுத்து மாட்டினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை வாசலில் கிடத்தியிருந்தார்கள். நானும் அழுதேன். இருந்தாலும் உள்ளுக்குள் ஓர் ஆறுதல். கடைசியாக நான் அவரிடம் சொன்னது நல்ல சேதி அல்லவா? அதை அம்மாவிடமும் சொன்னேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

சித்திதான் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவ வேற எங்கனா உடணும், வேற எங்கனா உடணும்னு பத்து நாளா ஒங்க தம்பிக்கு அதே பேச்சி. திருத்தணில யாரு கீறாங்க, சித்தூர்ல யாரு கீறாங்கன்னு சொந்தக்காரங்க பேரெல்லாம் கேட்டுக்கினே இருந்தாரு. ஜொரத்துல பெனாத்துறாருன்னு உட்டுட்டோம்."

அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் அதைக் கேட்டேன். துணி அவ்வளவு நன்றாகக் கறுக்கிறது என்று சொல்லியிருந்தேனே, பிறகு எதற்காக எனக்கு வேறு ஊர் தேடினார் என்பதுதான் அன்று எனக்கு விளங்கவில்லை.