பெடலில் இரண்டு விரற்கடை

வயலில் இருந்தது நான்கு பேர். டிராக்டருக்குச் சொந்தக்கார அண்ணாச்சி, வேட்டியை மடித்துக் கட்டி வரப்பில் நின்றார். டிரைவர் சீட்டைவிட்டு இறங்கவில்லை. வயலைக் குத்தகைக்கு எடுத்த அக்கா வாய்க்காலில், முழங்கால் தண்ணீரில். பிறகு நான். அம்பாசமுத்திரத்திலிருந்து சைக்கிளில் ஸ்பேனர் பையோடு வந்திருந்தேன்.

தொண்ணூறுகளில் ஒரு ஆனி மாதம். சாரல். பாபநாசம் மலை இருக்கிற இடத்தில் மலை இல்லை, மேகம்தான் இருந்தது. கார் பருவ நடவுக்கு வயலில் தண்ணீர் கட்டியிருந்தார்கள். தண்ணீருக்குள்ளும் மேகம். பாதி உழுத வயலின் நடுவில் டிராக்டர், எதன் மேலும் நிற்காதது மாதிரி நின்றது.

"ஓட்டிக் காட்டுலே" என்றேன்.

டிரைவர் கியரைப் போட்டு கிளட்ச் பெடலை விட்டான். என்ஜின் கத்தியது. இரும்புச் சக்கரம் சுற்றவில்லை. கனவில் ஓடினால் இப்படித்தான். கால் ஓடும், ஆள் அங்கேயே இருப்பான். கருகின வாடை வந்தது.

"போதும், அணை. கிளட்சு வழுக்குது."

"பிளேட்டு போச்சுன்னா சொல்லிரும்வே" என்றார் அண்ணாச்சி. "கட்டி இழுத்துட்டுப் போயி வண்டிய ரெண்டாப் பிளந்து வேற பிளேட்டு போட்டுருவோம்."

பிளந்தால் மூன்று நாள் ஆகும். அக்காவுக்கும் அது தெரியும்.

"மூணு நாளா? விடியுமுன்னயே நாத்தைப் பறிச்சுட்டேன் அண்ணாச்சி. நாளைக்கு நடுகைக்கு ஆளு வருது. பறிச்ச நாத்தைத் திரும்ப ஒட்ட வைக்கவா?"

அவள் காலைச் சுற்றி, கட்டிப் போட்ட நாற்று முடிகள் மிதந்தன. நாளை வரை தாங்கும். அதற்குப் பிறகு அழுகும். வேறு நாற்று அவளிடம் இல்லை.

பெடலைக் கையால் அமுக்கினேன். நல்ல வண்டியில் பெடல் முதலில் சும்மா இறங்கும், இரண்டு விரற்கடை. பிறகுதான் பாரம் தெரியும். இதில் எடுத்த எடுப்பிலேயே பாரம். அப்படி இருந்தால் காலை எடுத்தாலும் கிளட்ச் முழுசாகப் பிடிக்காது. வழுக்கும், வழுக்கித் தேயும்.

பெடல் இரும்பு கண்ணாடி மாதிரி மினுங்கியது.

"காலை இதுமேலயே வச்சிருப்பியோ?"

"வச்சிருப்பேம்ணே. தொளியில முன்சக்கரம் தூக்குச்சுன்னா உடனே மிதிக்கணும்லா? எங்க அத்தான் வண்டி அப்படித்தான் கவுந்துது. நான் வரப்புலதான் நின்னேன்."

சேற்று உழவு ஓட்டுகிற எல்லாரும் அப்படித்தான் காலை வைப்பார்கள்.

சேற்றில் குனிந்தேன். பெடலிலிருந்து கிளட்சுக்குப் போகிற கம்பியில் ஒரு நட்டு உண்டு. பிளேட் தேயத் தேய அதை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கம்பியில் மிச்சம் இருக்கிற திருகுமரைதான் பிளேட்டின் மிச்ச ஆயுசு. விரலால் தடவினேன். கொஞ்சம் இருந்தது. நகர்த்தினேன். பெடலில் இரண்டு விரற்கடை வந்தது. இறுக்கிவிட்டேன்.

அது மட்டும் போதாது. பிரேக்கை மிதித்து, பெரிய கியரில் போட்டு, கிளட்சைப் பைய விட்டுப் பார்க்க வேண்டும். பிளேட்டில் உயிர் இருந்தால் என்ஜின் திணறி நின்றுவிடும். இல்லையென்றால் அது பாட்டுக்கு ஓடும்.

ஓடியது.

"போச்சா?" என்றார் அண்ணாச்சி.

"சூடாக் கெடக்கு. ஆறட்டும்."

காத்திருந்தோம். அக்கா நாற்று முடிகளின் மேல் தண்ணீரை அள்ளி அள்ளி விட்டாள். சாரல் விழுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. வரப்பில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீருக்குள் மேகம் நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மேகம் நின்று வரப்பு நகர்ந்தது, என்னையும் வைத்துக்கொண்டு. தூங்கவில்லை. முழித்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது. என்ஜின் மேல் கையை வைத்தபோது சூடு அடங்கியிருந்தது.

மறுபடி பிரேக், பெரிய கியர். டிரைவர் பெடலைப் பைய விட்டான். என்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

"ஐயோ, அதுவும் நின்னுட்டா!" அக்கா தலையில் கையை வைத்தாள்.

"நின்னாத்தான் எக்கா நல்லது. பிளேட்டு பிடிக்கி."

மடையில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. என்ஜின் சத்தத்தில் பறந்து போன கொக்குகள் ஒவ்வொன்றாக வந்து டிராக்டரைச் சுற்றி இறங்கின. அந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது.

டிரைவரிடம் சொன்னேன். "இந்த வயலுக்குத் தாங்கும். ஆனா கால் பெடல் மேல இருக்கக் கூடாது. பக்கத்துல வச்சுக்கோ. சக்கரம் புதைஞ்சா என்ஜினை முறுக்காத, பின்னால எடு."

"என் கால் எனக்கே தெரியாமப் போயிருமேண்ணே."

"அத நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் அக்கா.

வண்டி கிளம்பியது. அவள் வரப்பு மேலேயே கூட நடந்தாள். கண் அவன் காலில்.

"ஏ மூதி, காலை எடுலே!"

"எக்கா, கவுந்தா நீயா வந்து தூக்குவ?"

"தூக்குவேம்லே. மொதல்ல காலை எடு."

அண்ணாச்சி அன்றைக்குச் சிரித்தது அப்போதுதான்.

வெளிச்சம் மங்குமுன் உழவு முடிந்தது. அக்கா முடிகளை எடுத்து வயலுக்குள் வீசத் தொடங்கினாள். ஒவ்வொன்றும் மேகத்தில் விழுந்து நின்றது.

டிரைவர் இறங்கி வந்தான். "இனி எவ்வளவு இருக்குண்ணே?"

பெடலை அமுக்கி விரலை வைத்துப் பார்த்தேன்.

ஒன்றரை விரற்கடை.