வஹீது பாய் சொல்லாத பாதி

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டாரின் விலாவில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார் அப்துல் வஹீது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. பீளமேட்டில் ஒரு மகளிர் விடுதி. மாடிப்படிக்கு அடியில் துடைப்பங்களுக்கும் காலி சிலிண்டர்களுக்கும் நடுவே அவருக்கு நிற்க இடம். விடுதி நடத்தும் சுப்பாத்தாள் ஏதோ கேட்க வாயெடுக்கிறார். வஹீதின் இடது கை உயர்ந்து தடுக்கிறது.

"பேசாதீங்க அம்மணி. பேரிங் பேசிட்டிருக்குது."

ஐம்பத்தொன்பது வயது. கோட்டைமேட்டில் வீடு, பீளமேட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை. இரண்டுக்கும் நடுவே தினமும் ஒரு பழைய மொபெட். காக்கிச் சட்டையின் மேல்பையில் டெஸ்டர், இன்சுலேஷன் டேப், பாதி தின்ற வர்க்கி. மனிதர்களுக்குக் கொடுக்கும் மரியாதையில் ஒரு குன்றிமணி குறையாமல் மோட்டார்களுக்கும் கொடுப்பார். "ஏனுங்க, நேத்து நல்லாத்தான இருந்தீங்க? இன்னிக்கு என்ன வீம்பு?" என்று மூடியைக் கழற்றிக்கொண்டே விசாரிப்பார். பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரர் தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துப் பதில் சொல்லிய சம்பவங்கள் உண்டு.

இப்படிப்பட்டவருக்கு ஒரு விநோதப் பழக்கம். உலகத்தில் எந்த மூலையிலாவது ஒரு நாட்டின் தலைவரைச் சுட்டார்கள் என்று செய்தி வந்தால், கடையை இழுத்துப் பூட்டிவிடுவார். நேரே அரிசி மண்டி. அப்புறம் பருப்பு, எண்ணெய், மெழுகுவத்தி. வீட்டிலுள்ள குடங்கள், அண்டாக்கள் எல்லாவற்றிலும் தண்ணீர். நான்கு வருடத்துக்கு முன்பு ஹைத்தி நாட்டு ஜனாதிபதியை வீடு புகுந்து கொன்றபோது, அந்த நாடு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இரண்டு மூட்டை அரிசி வாங்கி வந்தார்.

"எந்த நாட்டுல ஜனாதிபதி செத்தாலும் எங்கூட்டுல அரிசி மூட்டை எறங்கீருமுங்க" என்பார் அவர் மனைவி ஜாஹிதா. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் தொண்ணூற்றெட்டில் கோயமுத்தூரிலேயே ஊரடங்கு போட்டிருந்த நாட்களில், அந்தத் தெருவில் ஆறு வீட்டு உலையில் கொதித்தது வஹீதின் அரிசி. அதனால் ஜாஹிதா மூட்டைகளை எண்ணுவதில்லை. வண்டு பிடிக்காமல் வேப்பிலை போட்டு வைப்பதோடு சரி.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் போதும். டீக்கடை பெஞ்சில் இடம்பிடித்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். பீளமேட்டில் பாதிப் பேருக்கு அந்தக் கதை தெரியும்.

தொண்ணூற்று மூன்றில் வஹீதுக்கு இருபத்தேழு வயது. ஆப்பிரிக்காவின் நடுவே புருண்டி என்றொரு சின்ன மலைநாடு. அங்கே காப்பிப்பழம் கழுவும் நிலையங்களுக்குக் கோயமுத்தூர் பம்புகள் போயின. பூட்டிக் கொடுத்து ஓட்டிக் காட்ட ஓர் ஆள் வேண்டும். கல்யாணமாகாதவன், கைத்தொழில் தெரிந்தவன் என்று வஹீதை அனுப்பினார்கள். கிட்டேகா ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு குன்று. கீழே ஆறு, ஆற்றங்கரையில் உறைகிணறு, கிணற்றின் மேல் டீசல் எஞ்சினும் பம்பும். மேலே காப்பி கழுவும் தொட்டிகள். துணைக்கு சல்வதோர் என்று ஒரு ஸ்டோர்கீப்பர். நாற்பது வயதிருக்கும். வஹீதுக்கு அந்த ஊர்ப் பேச்சைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். வஹீது வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, காய்ச்சலுக்கு மருந்தா என்று கேட்டவரும் அவரே.

"அங்க ரெண்டு சனமுங்க. ஹுட்டு, டுட்ஸி. ஒரே பாஷை, ஒரே சாமி, ஒரே அவரைக்கொட்டைச் சாப்பாடு. வெள்ளைக்காரன் வந்து அட்டை போட்டு, இவன் இன்னாரு அவன் இன்னாருன்னு எழுதி வச்சுப்போட்டான். பொறவு என்னாச்சு? ஒருத்தங்க கையில பட்டாளம், இன்னொருத்தங்க கையில ஓட்டு. அந்த வருசந்தான் ஓட்டுப்போட்டு மொதல்மொறையா ஒரு ஹுட்டு ஜனாதிபதி ஆனாரு. நூறு நாள் சொச்சந்தானுங்க இருந்தாரு. காவலுக்கு நின்ன பட்டாளமே அவரைக் கொன்னுபோட்டுது." இங்கே ஒரு மடக்கு டீ. "ஒரு மனுசனைக் கொல்ல ஒரு நாள் ஆச்சுங்க. அதை முடிக்கறதுக்குப் பன்னெண்டு வருசம் ஆச்சு. மூணு லட்சம் பேரு போய்ட்டாங்க."

அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை காலை. ரேடியோவைத் திருப்பினால் வெறும் இரைச்சல். மதியத்துக்குள் மலை முழுக்கக் கோடரிச் சத்தம். பட்டாளம் வரக்கூடாது என்று ஜனங்கள் யூக்கலிப்டஸ் மரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்துக்கொண்டிருந்தார்கள். தாங்கள் ஓட்டுப்போட்ட மனிதரைக் கொன்றுவிட்டார்கள் என்ற ஆத்திரம். பட்டாளத்தார் டுட்ஸிகள், அந்தப் பட்டாளம் கைக்கு எட்டவில்லை. எட்டிய தூரத்தில் இருந்த டுட்ஸி, சாவிக்கொத்தோடு திரியும் சல்வதோர்.

வெள்ளிக்கிழமை கூட்டம் மேலேறி வருவதைப் பார்த்ததும் வஹீது சல்வதோரைக் கயிறு கட்டி உறைகிணற்றில் இறக்கினார். சிக்கல் என்னவென்றால் ஆற்று ஊற்று. பம்பு ஓடினால் தண்ணீர் இடுப்பளவு நிற்கும். நிறுத்தினால் அரைமணியில் தலைக்கு மேல் போய்விடும். சல்வதோருக்கு நீச்சல் தெரியாது. காப்பிப்பழமே இல்லாத தொட்டிகளுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்தார் வஹீது. கத்தியும் தடியுமாய் வந்தவர்கள் கேட்டார்கள்: பழம் இல்லாமல் எதற்கு எஞ்சின் ஓடுகிறது?

"டெஸ்டிங்னு சொன்னேனுங்க!" என்று பெஞ்சில் தட்டுவார். "புது பம்பு, மூணு நாள் நிறுத்தாம ஓட்டோணும், இல்லாட்டி கம்பெனி என்ற சம்பளத்தைப் புடிச்சுக்கும்னு அழுதேன். சல்வதோரு எங்கேன்னாங்க. நேத்தே கிட்டேகா போய்ட்டாருன்னேன். டீசல் ஒரு பேரலும் ஒரு கேனும். ராக்கெட்டுக்கு ஊத்தறாப்பல சொட்டுச் சொட்டா ஊத்துனேன். கேன்ல அடி தட்டறப்ப, ஞாயித்துக்கிழமை காலைல, மரத்தையெல்லாம் இழுத்துப்போட்டு பட்டாளத்து லாரி வந்துதுங்க. கயித்தைப் போட்டு இழுத்தா, மனுசன் தோலெல்லாம் ஊறி வெளுத்துக் கெடக்கறாரு. உசுரு இருந்துது!"

டீக்கடை கைதட்டும். யாராவது ஒரு பஜ்ஜி வாங்கிக் கொடுப்பார்கள். வஹீது எழுந்து மொபெட்டை உதைப்பார்.

இந்த ஆடி மாதம் கொடிசியா பக்கம் ஒரு வாடகை வீட்டில் மோட்டார் நின்றுபோனது. இருந்தவர்கள் நான்கு கல்லூரிப் பெண்கள், ஆப்பிரிக்கர்கள். வஹீது கெப்பாசிட்டரை மாற்றிக்கொண்டிருந்தபோது, மாடியிலிருந்து ஒரு பெண் இன்னொருத்தியிடம் எதையோ கத்தினாள். அதில் ஒரு வார்த்தை: "அமாசி." தண்ணீர். வஹீதின் கையிலிருந்து ஸ்பேனர் விழுந்தது. முப்பத்திரண்டு வருடமாய் வாயில் வராத மொழியில், அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "அமாசி அராசா." தண்ணீர் வருகிறது.

நால்வரும் படியில் தடதடவென்று இறங்கி வந்தார்கள். அவர்களில் ஒருத்தி அலீன், கிட்டேகாவிலிருந்தே வந்தவள். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மெஸ்காரம்மாவிடம் தமிழ் கற்றதால் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போடுவாள். அவள் எந்தச் சனம் என்று வஹீது கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கோட்டைமேட்டு வீட்டில் அவளுக்கு விருந்து. ஊர்ச் சாப்பாட்டில் எதற்கு ஏக்கம் என்று ஜாஹிதா கேட்டு வைத்து, தேங்காய்ச்சோற்றோடு தட்டைப்பயறும் வேகவைத்திருந்தார்.

சாப்பிடும்போது வஹீது கிணற்றுக் கதையைச் சொன்னார். அபிநயம், அழுகை, டெஸ்டிங், கடைசியில் கயிறு. ஜாஹிதா வழக்கம்போலச் சிரித்தார். அலீன் சிரிக்கவில்லை.

"பட்டாளம் வந்துதுங்களா அங்கிள்? வந்து, அப்புறம்?"

முப்பத்திரண்டு வருடத்தில் அந்த 'அப்புற'த்தை யாரும் கேட்டதில்லை. அந்த நாட்டில் பிறந்தவளுக்குத் தெரியும், பட்டாளம் வந்து சேர்ந்த இடத்தில் இன்னொரு கதை தொடங்குமென்று.

வஹீது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"சனிக்கிழமை அந்தக் கூட்டத்தாளுங்க ரெண்டாந்தடவை வந்தாங்க கண்ணு. மேல தொட்டி, ஸ்டோரு எல்லாம் தேடறாங்க. மத்தியாஸ்னு ஒருத்தரு, காப்பி சொமந்துட்டு வர்ற ஆளு. தெனம் எனக்கு ரெண்டு வாழப்பழம் குடுப்பாரு. அவரு மட்டும் தனியா எறங்கிக் கெணத்துக்கிட்ட வந்தாரு. கையில கத்தி. எட்டிப் பாத்தாருங்க. உள்ளார சல்வதோரு அண்ணாந்து பாக்கறாரு. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டாங்க. நான் எஞ்சினைப் புடிச்சுட்டு நிக்கறேன். மத்தியாசு நிமுந்து மேல பாத்துக் கத்துனாரு, 'நி அமாசி குசா'ன்னு."

"வெறும் தண்ணிதான்" என்றாள் அலீன், மெல்ல.

"ஞாயித்துக்கிழமை பட்டாளத்து ஆபீசரு குன்றுல இருந்த ஆம்பளைங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுப்போட்டு என்னையக் கேட்டாரு, யாரு யாரு தேடி வந்தாங்கன்னு. யாரையும் தெரியாதுன்னேன். மெய்யாலுமே அப்படித்தான் சொன்னேன். ஆனா என்ற கண்ணு... சல்வதோரு பொழைச்சுட்டாருங்கற சந்தோசத்துல, மத்தியாசுகிட்டப் போய் நின்னுபோச்சு. நன்றின்னு சொல்லத்தான் பாத்தேன். அந்த ஆபீசரு என்ற கண்ணைப் பாத்துட்டே இருந்துருக்காரு. அவரைத்தான் மொதல்ல இழுத்தாங்க. லாரியில ஏத்துனாங்க. என்னைய வேற லாரியில ஏத்தி ஏர்போர்ட்டுக்கு அனுப்பிட்டாங்க."

சல்வதோரிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது, அகதி முகாமிலிருந்து. அதில் மத்தியாஸ் பெயர் இல்லை. பதில் எழுதிக் கேட்க வஹீதுக்குத் துணிவு வரவில்லை. பிறகு அங்கிருந்து கடிதமே வரவில்லை.

ஜாஹிதா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். "முப்பது வருசமா இதை நெஞ்சுல வச்சுக்கிட்டா பக்கத்துல படுத்திருந்தீங்க?" என்றார். பிறகு வஹீதின் தட்டை எடுத்துக்கொண்டுபோய், ஆறிய சோற்றைக் கொட்டிவிட்டுச் சூடாகப் போட்டு வந்து வைத்தார்.

அலீனின் சித்தப்பா கிட்டேகாவில் வாத்தியார். மத்தியாஸைப் பற்றி விசாரிக்கும்படி அவரிடம் சொன்னாள். மூன்று வாரம் வஹீதுக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. ஒரு மோட்டாரில் காயிலைத் தப்பாகக் கட்டிவிட்டு, திரும்ப அவிழ்த்துக் கட்டினார். எந்த மோட்டாரிடமும் பேசவில்லை. சுப்பாத்தாளே ஃபோன் செய்து ஜாஹிதாவிடம் கேட்டார்: "பாய்க்கு ஒடம்பு சரியில்லீங்களா?"

சித்தப்பாவிடமிருந்து தகவல் வந்தது. மத்தியாஸ் திரும்பி வரவில்லை. அவர் மனைவி பெலாஜி அதே குன்றில் இருக்கிறார். பேசச் சம்மதித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அலீன் கைபேசியை அலமாரியில் தண்ணீர்ச் சொம்புக்குச் சாய்த்து நிறுத்தினாள். திரையில் தலையில் துணி சுற்றிய ஓர் அம்மாள் வந்தார். பின்னால் மண்சுவர், ஒரு நாட்காட்டி. அவரைப் பார்த்ததும் வஹீது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஜாஹிதா தோளைத் தொட்டார். அவர் உட்காரவில்லை. கையை முன்னால் கட்டிக்கொண்டு, தெரிந்த மொழியில் பாதி, தமிழில் பாதி, எல்லாவற்றையும் சொன்னார். கண் போன இடத்தையும் மறைக்கவில்லை. அலீன் அதையும் விடாமல் மொழிபெயர்த்தாள்.

திரையில் பெலாஜியின் முகம் அசையவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று ஜாஹிதா கிட்டே வந்து பார்த்தார். அப்புறம் அந்த அம்மாளின் வாய் அசைந்தது.

"அன்னிக்கிப் பதினொரு பேரைக் கூட்டிட்டுப் போனாங்களாம்" என்றாள் அலீன். "பதினொரு பேர் மேலயுமா உங்க கண்ணு போய் நின்னுச்சுன்னு கேக்கறாங்க."

வஹீது தலையை ஆட்டினார், இல்லை என்று.

"அவங்க வீட்டுக்காரரைக் கொலைகாரர்னுதான் பட்டாளம் எழுதி வச்சிருக்குதாம். பையனும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தானாம்." அலீன் மூக்கை உறிஞ்சினாள். "கிணத்துக்குள்ள பார்த்தாரா, பார்த்தும் சொல்லலையான்னு கேக்கறாங்க. உங்க கண்ணால பார்த்தீங்களான்னு."

"பாத்தேனுங்க" என்றார் வஹீது. "இந்தா, இவ்வளவு தூரத்துல."

பெலாஜி யாரையோ கூப்பிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர் வந்து, அம்மாவின் அருகே மண்தரையில் அமர்ந்தார். அந்த அம்மாள் கைபேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, இரண்டு முகமும் தெரியும்படி வைத்துக்கொண்டு, ஏதோ சொன்னார்.

"உங்களை உட்காரச் சொல்றாங்க அங்கிள். உட்கார்ந்து, அந்தச் சனிக்கிழமையை இன்னொருவாட்டி, மெதுவாச் சொல்லச் சொல்றாங்க. பையன் கேக்கணுமாம்."

வஹீது பின்னால் கையை நீட்டித் தடவி நாற்காலியைக் கண்டுபிடித்தார். அதை அலமாரிக்குக் கிட்டே இழுத்துப் போட்டு, அதன் விளிம்பில் உட்கார்ந்தார்.