முருகனுக்கு விட்ட மீன்

எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஆறு போகிறது. நெய்க்காரப்பட்டிப் பக்கம் ஐப்பசி மழைக்குத்தான் அதில் கரை தொட்டுத் தண்ணீர் வரும். அப்படி வந்த ஒரு வருடம் மீன்வளத் துறை வண்டி வந்து நின்றது. காற்றடைத்த பைகளில் பண்ணையில் வளர்த்த சேல்கெண்டைக் குஞ்சுகள். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம். ஆற்றில் அந்த மீன் குறைந்துபோனதால் கொண்டுவந்து விடுகிறார்களாம்.

பைகளைப் பிரிக்காமல் அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். ஏன் என்று அதிகாரியிடம் கேட்டேன். உள்ளே இருக்கும் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சு தாங்காது என்றார். சிமெண்டுத் தொட்டியைத் தவிர வேறெதையும் பார்க்காத உயிருக்கு ஆறு எப்படிப் பிடிபடும்? அதையே யோசித்துக்கொண்டு நின்றேன்.

முதல் பையை என் சம்சாரத்தை அவிழ்க்கச் சொன்னார்கள். அவள் சூடம் காட்டி, பையைச் சரித்து, கோயிலில் சேவல் விடும் பழக்கத்தில், "முருகா, உனக்கு விட்டாச்சு" என்று சொல்லிவிட்டாள்.

பக்கத்தில் நின்ற வலைக்காரத் தம்பியின் முகம் சுருங்கியது. இந்த ஆற்று மீனைப் பாலத்தடியில் விற்றுத்தான் அவன் குடும்பம் ஓடுகிறது.

"என்னங்க்கா இப்படிச் சொல்லிப்போட்டீங்க? நேர்ந்து விட்டதப் புடிச்சா என் குடும்பம் வெளங்குமுங்களா?"

"வாய்ல வந்துருச்சு சாமி. சொன்னது சொன்னதுதான்."

அதிகாரி சிரித்தார். "பெருசானதும் தாராளமாப் புடிச்சுக்கப்பா. சின்னதை மட்டும் தொடாதே."

தம்பி சிரிக்கவில்லை. அதன் பிறகு சேல்கெண்டை வலையில் பட்டால் எடுத்து விட்டுவிடுவான். கெளுத்தி மீனும் ஜிலேபி மீனும் விற்று வயிற்றைக் கழுவினான். இரண்டு மழை போனது. ஒரு நாள் சம்சாரமே அவனைக் கூப்பிட்டாள்.

"ஏந்தம்பி, கோயில் காளைக்குப் பொறந்த கன்னு யாருக்கு?"

"மாட்டுக்காரனுக்குங்க."

"அப்ப ஆத்துல பொறந்த மீனு உனக்கு. நாங்க விட்டது மட்டும் சாமிக்கு."

"எது எதுன்னு எப்படிங்க்கா தெரியும்?"

"பெருசு சாமிக்கு. சிறுசு உனக்கு."

"ஆபீசர் சிறுசத் தொடாதேங்கறாரு, நீங்க பெருசத் தொடாதேங்கறீங்க. நடுவால மீனுக்கு நான் எங்கீங்க போவேன்?"

விளையாட்டாகச் சொன்னவன் அதையே பிடித்துக்கொண்டான். நடுத்தரக் கண் உள்ள வலை வாங்கினான். சிறியது கண் வழியே நுழைந்து போய்விடுமாம். பெரியதற்குத் தலையே நுழையாதாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வலை எடுக்கும் காலையில் நேரில் போய் நின்றேன். சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான சேல்கெண்டைகள், செவுளில் மாட்டிக் கிடந்தன. இந்த ஆற்றிலேயே பிறந்தவை. தொட்டியில் வளர்ந்ததுகளுக்கு ஆறு பிடிபட்டிருக்கிறது! முருகன்தான் காட்டியிருக்க வேண்டும். முதுகுத் துடுப்பு சிக்கி ஒரு பெரியதும் கிடந்தது. தம்பி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தண்ணீரில் விட்டான்.

முதல் மீனை வாழையிலையில் சுற்றி எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தான். சம்சாரம் சாண் போட்டுப் பார்த்தாள்.

"நடுவாலதான். ஆனா கிருத்திகையும் அதுவுமா மீனக் கொண்டாந்து நீட்டறயே சாமி."

"நாளைக்கு வேற கொண்டாறனுங்க்கா" என்று அதையும் கூடையில் போட்டுக்கொண்டு பாலத்தடிக்குப் போனான்.