கப்பலுக்குக் காத்திருந்த வாசகர்

யாழ்ப்பாணப் பாதை மூடியிருந்த யுத்த காலம். யாழ்ப்பாணம் போகத் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்த ஒரு வைத்தியர் எங்கள் வைத்தியசாலை நூலகத்துக்குத் தினமும் வந்தார். ஒல்லியானவர், நரைத்த தாடி. சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகுதான் புத்தகத்தைத் தொடுவார். நூலகப் பொறுப்பாளனான எனக்கு அவரை நம்ப அதுவே போதும். சாவியையும் அவரிடம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவேன்.

அவர் படித்தது ஒரே கட்டுரையை. சிறுநீரகம் செயலிழந்தவரின் வயிற்றுக்குள் திரவம் விட்டு நஞ்சை வெளியேற்றும் முறையை உலகுக்குச் சொன்ன கட்டுரை அது; ஒரு பழைய மருத்துவ இதழில் இருந்தது.

கடைசி நாள் கேட்டேன். “பார்த்து எழுதித் தரட்டோ, டொக்டர்? பின்னேரத்துக்குள்ள முடிச்சிடுவன்.”

“உங்களுக்கேன் தம்பி கரைச்சல்? எல்லாம் தலைக்குள்ள ஏறிட்டுது.”

கப்பல் போன மறுவாரம், பாம்பு கடித்துச் சிறுநீர் நின்றுபோன ஒரு கந்தளாய் விவசாயியைக் கொண்டுவந்தார்கள். எங்கள் வைத்தியர் அந்தக் கட்டுரையைக் கேட்டு ஓடிவந்தார். இதழைத் திறந்தேன். அந்தப் பக்கங்கள் பிளேடால் வெட்டப்பட்டிருந்தன.

“ஆர் எடுத்தது?”

“இன்னொரு டொக்டர்தான், சேர்.”

விவசாயியைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். வழியிலேயே இறந்துவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் அதனால் யாரோ பிழைத்திருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம். நான் எழுதித் தரட்டோ என்று கேட்டபோதே அந்தப் பக்கங்கள் அவருடைய பைக்குள் இருந்தனவா என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.