லீவுகிட்ட போனைக் குடுங்க

மழையில் நனைந்த நாய் அடுப்போரம் படுத்துக் காயும்போது கிளம்புகிற வாடையை யாரும் நல்ல வாடை என்று சொல்லமாட்டார்கள். ஈரச் சாக்கும் விறகுப் புகையும் பழைய கஞ்சியும் கலந்தது போன்ற அந்த வாடைதான், எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல், வீட்டின் வாடையாக இருந்தது. கோத்தகிரிக்குப் பக்கம் கட்டபெட்டுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே தகரக் கூரையின் அடியில் எட்டுக் குடும்பங்கள் இருந்த வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. சிறு வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த அப்பா, அந்த வரிசையைக் கடைசிவரை "லயம்" என்றுதான் சொன்னார். அவருக்குத் தோட்டத்து ஃபேக்டரியில் இலை வாட்டுகிற வேலை. அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. நான் ஒரே பெண். எங்கள் வீட்டில் நான்காவது ஆள் லீவு.

எனக்கு நான்கு வயதிருக்கும்போது, பொங்கலுக்கு ஃபேக்டரி மூடியிருந்த ஒரு நாளில், கையகல நாய்க்குட்டியாக வாசலில் வந்து நின்றிருக்கிறான். "லீவுல வந்தவன், இவன் பேரு லீவு" என்று அப்பா சொல்ல, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. செம்மண் நிறம், நெஞ்சில் ஒரு கை வெள்ளை, இடது காதில் ஒரு கிழிசல். வளர்ந்த பிறகு அவனும் அம்மாவோடு தினமும் வேலைக்குப் போனான். பெண்கள் சோற்றுத் தூக்குகளை வைத்துவிட்டுப் போகும் சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து குரங்குகளை அண்டவிடமாட்டான். தேயிலைக்குள் காட்டெருமை நின்றால் குரைக்கமாட்டான். குரைத்தால் அது மிரண்டு பாயும் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, ஓசைப்படாமல் வந்து அம்மாவின் கால்களுக்குக் குறுக்கே நின்றுவிடுவான். "லீவு குறுக்க நிக்கிறான்டி, மேல ஏறுங்க" என்று அம்மா குரல் கொடுத்தால், பறித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பாதைக்கு ஏறிவிடுவார்கள்.

இரவில் அவன் என் பாதங்களின் மேல் படுப்பான். மலைக் குளிரில் எனக்குக் கம்பளி தேவைப்பட்டதே இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கு என்னை ஊட்டியில் ஒரு பள்ளி விடுதியில் சேர்த்தபோது, வீட்டை விட்டு வந்த துக்கம் எனக்கு முதலில் கால்களில்தான் தெரிந்தது. இரண்டு சோடி காலுறை போட்டும் விறைத்துக் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு விடுதிக் காப்பாளரின் கைப்பேசியில் வீட்டாரோடு பேசலாம், ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. அப்பாவும் அம்மாவும் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்று காத்திருப்பார்கள், கூடவே லீவும். சாப்பாடு, படிப்பு, உடம்பு என்று அம்மா கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, கடைசி அரை நிமிடத்துக்கு நான், "லீவுகிட்ட போனைக் குடுங்க" என்பேன். மேடு ஏறிய களைப்பில் அவன் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது அப்படியே கேட்கும். ஹஹ், ஹஹ், ஹஹ் என்று அந்த மூச்சு என் காதில் சூடாகப் படுவதுபோல இருக்கும். "கேக்குதா புள்ள?" என்பார் அப்பா. அவர் அதிகம் பேசுகிறவர் அல்லர். அந்த ஒரு கேள்வியைத்தான் அவர் வாரா வாரம் கேட்டார்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிய மாதத்திலும் இது தவறவில்லை. ஒரு ஞாயிறு மட்டும் அப்பா போனைக் கொடுக்கக் கொஞ்சம் தாமதித்தார். "அவன் அந்தாண்ட நிக்கிறான்" என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். "கூப்பிடுங்கப்பா, நேரமாகுது" என்று அவசரப்படுத்தினேன். பிறகு மூச்சு கேட்டது. அடுத்தடுத்த வாரங்களிலும் கேட்டது. ஒரு முறை, "என்னப்பா, இப்பிடி இரைக்குது அவனுக்கு?" என்று கேட்டேன். அம்மா போனை வாங்கி, "வயசாகுதுல்ல, அதான். நீ பரீட்சையப் பாரு" என்றாள். நான் பரீட்சையைப் பார்த்தேன்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று அப்பா வந்து என்னை அழைத்துக்கொண்டார். பேருந்து ஏறுமுன் வர்க்கி பிஸ்கட் ஒரு பொட்டலம் வாங்கினார். வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். லயத்துக்குத் திரும்பும் பாதையில் இறங்கியதும் நான் கூப்பிட்டேன். பேருந்துச் சத்தத்துக்கே ஓடி வருகிறவன் வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். அப்பா என் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "வா புள்ள, வீட்டுக்குப் போவம்" என்று முன்னால் நடந்தார்.

அம்மா வாசலிலேயே நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளால் அடக்க முடியவில்லை.

"போயிட்டான்டி" என்றாள். "அஞ்சு வாரத்துக்கு மேல ஆச்சு."

அது ஒரு திங்கட்கிழமை. காலையில் கஞ்சி குடித்திருக்கிறான், வாலை ஆட்டிக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் மலையேறியிருக்கிறான், ஒரு குரங்கைக்கூட விரட்டியிருக்கிறான். மதியம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் காலிச் சாக்குகளின் மேல் படுத்தவன் பிறகு எழுந்திருக்கவில்லை. நிறுத்து முடித்துக் கிளம்பும்போது, "எந்திரிடா சோம்பேறி" என்று அம்மா கூடையால் தட்டிய பிறகுதான் தெரிந்திருக்கிறது. ஒரு முனகல் இல்லை, நோய் இல்லை. "வாயில்லா சீவன் சாவக் காட்டிக்காது" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னாராம். அப்பா ஃபேக்டரியிலிருந்து மண்வெட்டியோடு ஓடி வந்து, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே புதைத்திருக்கிறார்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. மனதுக்குள் ஞாயிறுகளை எண்ணினேன். "அப்ப போன்ல?" என்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, அதைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

"ஒங்கப்பாதான்" என்றாள் அம்மா.

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. என்னை ஏமாற்றினீர்கள் என்றும், பரீட்சை உங்களுக்கு அவ்வளவு பெரிதா என்றும், இனி உங்களோடு பேசமாட்டேன் என்றும் சொன்னது நினைவிருக்கிறது. மூன்று நாள் நான் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மூன்று நாளும் லயமே வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் அழுது முடித்துவிட்டிருந்தார்கள். அவனுடைய தட்டில் யாரோ கோழிக்குத் தவிடு வைத்திருந்தார்கள். "இன்னுமா புள்ள அழுவுற, அவன் போயி எம்புட்டு நாளாச்சு" என்று கேட்டார்கள். எனக்கு அவன் முந்தாநாள் செத்திருந்தான் என்பதை யாரிடம் சொல்வது?

நான்காம் நாள் காலை தனியாக மரத்தடிக்குப் போனேன். மேடாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மழையில் மண் அமிழ்ந்து, புல் முளைத்து, மற்ற இடம்போலவே இருந்தது. ஓரத்தில் அப்பா நட்டிருந்த ஒரு கல்தான் அடையாளம். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. எவ்வளவு நேரம் அழுதேனோ, பின்னால் அப்பா நின்றார். ஃபேக்டரியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு என் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"சொல்லிரணும்னுதான் மேட்டுல ஏறினேன் புள்ள" என்றார். "நீ கூப்புடு கூப்புடுன்னு சொன்ன. எனக்கு வாய் வரல. மூச்சுதான் வந்துச்சு."

அவர் கல்லுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"அதுக்கப்புறம் எனக்கே ஞாயித்துக்கெழம எப்ப வரும்னு இருந்துச்சு. அந்த அர நிமிசம் அவன் இருக்கிற மாதிரியே இருந்துச்சு. ஒங்கிட்ட சொன்ன அன்னைக்குத்தான் புள்ள அவன் செத்துப்போனான்."

தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அவர் அழுதார். அதற்கு முன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. புதைத்த அன்றும் அவர் அழவில்லை என்று அம்மா பிறகு சொன்னாள். நான் அவருக்கு அருகில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்பு என்று எதையும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வெயில் ஏறும்வரை இருந்துவிட்டு இறங்கினோம்.

அப்பா போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நான் கோயம்புத்தூரில் வேலை செய்கிறேன். அம்மா என்னோடு இருக்கிறாள். பரீட்சையில் வாங்கிய மதிப்பெண் இன்று எனக்கே ஞாபகமில்லை. லீவைப் படம்பிடித்து வைக்கவும் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. போன மாதம் கோத்தகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, "ஒரு தடவ பாத்துட்டு வரலாமா?" என்று அம்மா கேட்டாள். லயம் இல்லை, இடித்துவிட்டார்கள். அந்தச் சரிவைப் பிரித்து விற்று காட்டேஜ் கட்டுகிறார்கள். மரங்களையும் வெட்டியாகிவிட்டது. அம்மா சரிவில் கொஞ்ச தூரம் ஏறி, "இங்கதான்" என்றாள். பத்தடி தள்ளிப் போய், "இல்ல, இங்கயோ" என்றாள். கல் எங்கும் இல்லை. இரண்டு இடத்துக்கும் நடுவில் நாங்கள் நின்றோம்.

காவலுக்கு இருந்தவர் கையில் குச்சியோடு மேலிருந்து இறங்கி வந்தார். "ஏனுங்க, இங்கெல்லாம் வரக்கூடாதுங்க. யாரைத் தேடறீங்க?"

"எங்க நாயி இங்கதாங்க இருக்கான்" என்றாள் அம்மா.

அவர் சட்டென்று குச்சியை உயர்த்தி, எந்தப் புதரிலிருந்து பாயுமோ என்று சுற்றிலும் பார்த்தார். அம்மா அவரைத் திருத்தவில்லை.

"கடிக்க மாட்டானுங்க" என்றாள்.