நாளை கிளம்புகிறவனின் துஆ

இரண்டு ஆண்டுகளாக நான் இறைவனிடம் எதையும் கேட்கவில்லை.

தொழுகையை விடவில்லை. ஐந்து வேளையும் குனிந்தேன், நெற்றியைத் தரையில் வைத்தேன். ஆனால் தொழுது முடித்து மற்றவர்கள் துஆவுக்குக் கையேந்தும்போது நான் எழுந்து செருப்பைத் தேடப் போய்விடுவேன். உங்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, சகோதரர்களே, முதலில் இந்த வெட்கத்தை இறக்கி வைக்கிறேன்.

என் மனைவி மைமூன் எட்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். எட்டு மாதமும் கேட்டேன். அழுது கேட்டேன். என் ஆயுளில் பாதியை எடுத்துக்கொள் என்று பேரம் பேசினேன். அவள் போய்விட்டாள். அவளுக்கு மண் தள்ளிய கை அதன் பிறகு மேலே எழவில்லை.

வீட்டில் இருக்க முடியவில்லை. நான் பள்ளப்பட்டிக்காரன். ஊர் ஊராகப் போய் விற்பது எங்கள் ஊருக்குப் பழக்கம். முன்பு வியாபாரத்துக்காக அலைந்தவன், இப்போது அலைவதற்காக வியாபாரம் செய்தேன். எந்த லாட்ஜிலும் மூன்று நாளுக்கு மேல் என் பை பிரிக்கப்பட்டுக் கிடந்ததில்லை.

சென்ற ஆண்டு மழையில் பெங்களூரில் பிரேசர் டவுனைத் தாண்டி ஒரு குடியிருப்பில் வெள்ளம் புகுந்தது. நகரத்து மழைநீரை ஏரிக்குக் கொண்டுபோகும் பெரிய கால்வாயை அங்கே ராஜகாலுவே என்கிறார்கள். அதன் சுவர் இடிந்து நான்கு தெருக்கள் மூழ்கின. எங்கள் ஜமாஅத் போர்வையும் பாத்திரமும் அடுப்பும் சேர்த்து லாரியில் ஏற்றியது. கூடப் போக ஆள் வேண்டும் என்றார்கள். வீடு தங்காதவன் நான்தானே. வியாழக்கிழமை இரவு கிளம்பிச் சனிக்கிழமை திரும்புவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை போய் இறங்கினால் சேறு. மழை விட்டு ஐந்து நாளாகியும் சேறு. எல்லா வீட்டுச் சுவரிலும் நெஞ்சளவுக்கு ஒரே மட்டமாய்க் கறுப்புக் கோடு. பள்ளிப் புத்தகங்களைக் கொடியில் துணிபோலத் தொங்கவிட்டிருந்தார்கள். வெயில் அடித்தது, எதுவும் காயவில்லை. மேட்டுத் தெருவில் இருந்த ஷாதி மஹாலில்தான் எல்லோரும் தங்கியிருந்தார்கள். கல்யாண நாற்காலிகளில் மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள், சாப்பாட்டுப் பந்தி தொடங்கக் காத்திருக்கும் விருந்தாளிகள் மாதிரி.

மறுநாள் சனிக்கிழமை, மஹாலின் மூலையில் தனியாக நண்பகல் தொழுகையான லுஹரைத் தொழுதுவிட்டு எழுந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

"ரெண்டே ரக்அத்துல சலாம் குடுத்துத் தொழுகைய முடிச்சிட்டீங்களே பாய், மறந்துட்டீங்களா?"

"இல்லம்மா. நான் வெளியூர். முஸாபிர். பயணத்துல நாலு ரக்அத்தை ரெண்டாச் சுருக்கிக்கலாம்."

அவள் பெயர் ஜரீனா. வயது முப்பத்தைந்து இருக்கும். முஸாபிர் என்றதும் அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"முஸாபிர் துஆவ அல்லா தட்டமாட்டான்னு சொல்வாங்க இல்ல?"

"சொல்வாங்க."

"எனக்காகக் கேளுங்க பாய். எங்க வீட்டுக்காரரு ஆட்டோவ மேட்டுல ஏத்தப் போனாரு. ஆட்டோ கெடச்சிருச்சி. அவரு கெடைக்கல. உசுரோட வேணும்னு கேக்க வேணாம். அந்த ஆசை போயிருச்சி. மய்யித்தாவது கெடைக்கணும்."

பிணமாவது. அதுதான் அவள் கேட்டது. உடல் இல்லாமல் இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை நாங்கள் பின்பற்றும் மத்ஹபின் சட்டத்தில் இல்லை. குளிப்பாட்ட முடியாது, கஃபன் துணி சுற்ற முடியாது, விதவை தனித்திருக்கும் இத்தா இருக்கவும் முடியாது. மனைவியுமில்லை, விதவையுமில்லை. வாசலைப் பார்த்தபடி கிடக்க வேண்டியதுதான்.

"கேக்கறேம்மா" என்றேன். பொய். அன்று மாலை தொழுதேன், வழக்கம்போல எழுந்து செருப்பைத் தேடினேன்.

ஆனால் சனிக்கிழமை கிளம்பவில்லை. நாளை போகலாம் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். ஒவ்வொரு காலையும் அவள் டீ தம்ளரோடு வந்து நிற்பாள். "இன்னைக்கும் முஸாபிர்தானே?"

"முஸாபிர்தாம்மா."

திங்கட்கிழமை பள்ளிவாசல் கமிட்டிக்காரர் ஒருவர், "பாய் சாமானை நல்லாப் பங்கு பிரிக்கிறாரு. ஒரு மாசம் இங்கயே இருந்துடுங்களேன்" என்றார். மஹாலின் அந்தக் கோடியிலிருந்து ஜரீனா ஓடி வந்தாள். இதற்குள் சட்டத்தை யாரிடமோ விசாரித்து வைத்திருந்தாள்.

"வேணாம்! பதினஞ்சு நாள் தங்கறேன்னு நிய்யத் வச்சிடாதீங்க பாய்! வச்சா நீங்க உள்ளூர் ஆளாயிடுவீங்க. நாளைக்குப் போறேன், நாளைக்குப் போறேன்னே சொல்லிக்கிட்டு இருங்க."

நியதி அதுதான். நாளை கிளம்புகிறேன் என்ற எண்ணத்திலேயே இருப்பவன் எத்தனை நாளானாலும் பயணிதான். ஜரீனாவின் பக்கத்து வீட்டுச் செல்வி, மாநகராட்சியில் தெருக்கூட்டுகிறவள், விளக்குமாற்றைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "இருந்து தொலைங்க பாய். நீங்க போயிட்டா இவ என்னைக் கேக்கச் சொல்லுவா. எனக்கு மாரியம்மாகிட்ட பேசித்தான் பழக்கம்." வெள்ளத்துக்குப் பிறகு அந்த மஹாலில் முதன்முதலாக யாரோ சிரித்தார்கள். நான் இன்னும் துஆ கேட்டிருக்கவில்லை.

புதன்கிழமை தீயணைப்புப் படையினர் தேடுவதை நிறுத்திக்கொண்டார்கள். ரப்பர் படகை மடித்து வண்டியில் ஏற்றினார்கள். ஜரீனா இடிந்த சுவரருகே நின்று அந்தக் கறுப்புத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலைத் தொழுகையான அஸர் நேரம். நான் போய் நின்றேன். இதற்கு மேல் முடியவில்லை.

"ஜரீனாம்மா. நான் கேக்கவே இல்ல."

"என்னது?"

"உனக்காக ஒரு தடவகூடத் துஆ கேக்கல. எனக்குக் கை எழல. என் வீட்டம்மாவுக்காக எட்டு மாசம் கேட்டேன். குடுக்கல. அதுலருந்து விட்டுட்டேன்."

அவள் தண்ணீரிலிருந்து கண்ணைத் திருப்பினாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள்.

"அவங்களக் குளிப்பாட்டினாங்களா?"

"ஆமா."

"மொகம் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"மண்ணு போட்டீங்களா?"

"மூணு கை போட்டேன்."

"அப்புறம் என்ன பாய் உங்களுக்குக் கோவம்? எனக்குக் கோவிச்சுக்கிட்டுப் போயி உக்கார ஒரு கபுர் கூட இல்ல."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். நான் நின்றேன். சாக்கடை நாற்றம். மேலே பாலத்தில் அலுவலக வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. இரண்டு ரக்அத் அங்கேயே, ஒரு காய்ந்த சிமெண்டுப் பலகைமேல் தொழுதேன். சலாம் கொடுத்தேன். கையைத் தூக்கினேன்.

சகோதரர்களே, கை அவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. சொல் வரவில்லை. அழகாகக் கேட்கத் தெரிந்தவன் நான். ஒரு வார்த்தையும் வரவில்லை. கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "யா அல்லாஹ், நான் கோபத்தில் இருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அவள் புருஷனின் உடலைக் கொடு." மைமூன் போன பிறகு வராத அழுகையெல்லாம் அந்தக் கால்வாய் ஓரத்தில் வந்தது.

வெள்ளிக்கிழமை முற்பகல். செல்வி தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தாள். "பாய்! பேகா வாங்க, சீக்கிரம்!"

கால்வாய் போகும் வழியெல்லாம் தெருக்கூட்டும் பெண்களிடம் அவள் சொல்லி வைத்திருந்தாளாம். ஜரீனா புருஷனின் பேண்ட் பையில் பச்சை ரெக்ஸின் மீன் கோத்த சாவி இருக்கும் என்று. ஏரிக்கரையில் பாசி வாரப் போன ஒருத்தி உடலையும் சாவியையும் பார்த்திருக்கிறாள். நான் வானத்தைப் பார்த்துக் கேட்டேன். பதில் விளக்குமாறு பிடித்த கைகளின் வழியாக நடந்து வந்தது.

ஜரீனா சாவியைத்தான் முதலில் வாங்கினாள். முகத்தைக் காட்டவில்லை, காட்டும் நிலையில் இல்லை. தேய்க்க முடியாததால் தண்ணீரை ஊற்றினோம், அவ்வளவே. ஜனாஸா தொழுதோம். மூன்று கை மண். இரண்டாவது கையில் என் மைமூனும் இருந்தாள்.

மறுநாள் விடைபெறப் போனேன். அவள் இத்தாவில் இருந்தாள். இடையில் திரை கட்டியிருந்தது. குரல் மட்டும் வந்தது.

"இனிமே முஸாபிரா இருக்க வேணாம் பாய். வீட்டுக்குப் போங்க. நாலு ரக்அத் தொழுங்க."

வந்துவிட்டேன். பையைப் பிரித்து அலமாரியில் வைத்தேன். பதினைந்து நாள் தங்குவேன் என்றல்ல, தங்குவேன் என்றே நிய்யத் வைத்தேன். பொய் சொல்ல மாட்டேன்: மூன்றாம் ரக்அத்துக்கு எழும்போது வீடு மிகவும் வெறிச்சென்று இருக்கிறது. மைமூன் வரவில்லை. வரமாட்டாள். அந்த நான்கு தெருவிலும் சுவரில் கோடு இன்னும் இருக்கிறதாம்.

ஆனாலும் இப்போது தொழுது முடித்ததும் நான் செருப்பைத் தேடுவதில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்து எழுந்து போகிறவர் இதைப் படித்தால், உங்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். கோபத்தோடே உட்காருங்கள். கையை மட்டும் தூக்குங்கள். எல்லாப் புகழும் இறைவனுக்கே. அவன் எனக்குத் திருப்பித் தந்தது என் மனைவியை அல்ல, அவளுக்காக அழுது ஏந்தும் கையை.