தூக்கிய கை

தமயந்தியின் இடது கை மேலே போய்விட்டால் அந்த வீட்டில் எதுவும் சத்தம் போடக் கூடாது. மின்விசிறியை முன்பே நிறுத்தியாயிற்று. குக்கர் சாப்பாட்டு இடைவேளை வரை காத்திருக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிற பாவத்துக்கு என் மிக்ஸியும் காத்திருக்கும். "வணக்கம், நான் தமயந்தி. உங்களுக்கு எப்படி உதவட்டும்?" என்று ஹெட்செட்டில் தேனொழுகப் பேசுவாள். முகத்தைப் பார்த்தால் பல்வலிக்காரி மாதிரி இருக்கும்.

மர்பி டவுனில் ஓர் அறை, அதிலேயே சமையல் மேடை, அவ்வளவுதான் வீடு. ஃபிரிட்ஜ் விற்கும் கம்பெனி ஒன்றுக்கு, தமிழில் வரும் புகார்களைக் கேட்பது அவள் வேலை. கொரோனாவின்போது வீட்டுக்கு அனுப்பிய வேலையைக் கம்பெனி திரும்ப அழைத்துக்கொள்ளவே இல்லை. சேலத்திலும் தேனியிலும் ஐஸ் கட்டாத கோபமெல்லாம் இவள் காதில் வந்து இறங்குகிறது. திட்டு எல்லை மீறினால் மியூட்டை அழுத்தி, "போடா பேமானி" என்பாள். மறுபடி அழுத்தி, "சொல்லுங்க சார், கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்பாள்.

ஊழியர் மனநலத்துக்கும் கம்பெனி குறை வைக்கவில்லை. தினமும் காலையில் திரையில் சில பொம்மை முகங்கள் வந்து, இன்று உங்கள் மனநிலை எது என்று கேட்கும். இவள் சிரிக்கிற முகத்தையே அழுத்துவாள். "அழுவுற மூஞ்சி போட்டா டீம் லீடர் கூப்ட்டு ஏன்னு கேப்பாங்கக்கா. அந்த டைமையும் பிரேக்ல கழிச்சுடுவாங்க. சும்னே எதுக்கு?"

அப்பா பால்ராஜ் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். அந்தக் கல்தூசி இன்னும் நெஞ்சில் இருக்கிறது. இருமல் பிடித்தால் லேசில் விடாது. கட்டிலில் உட்கார்ந்து மகளின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். கை மேலே இருக்கும்வரை துண்டை வாயில் அடைத்துக்கொள்வார். அவள் மியூட்டை அழுத்திக் கையை இறக்கியதும், சேர்த்துவைத்ததையெல்லாம் அவசர அவசரமாக இருமித் தீர்ப்பார். "மைன்ஸ்ல மணி அடிச்சாத்தான் ஆளுங்க போற கூண்டு எறங்கும், ஏறும். இங்க பாப்பா கைதான் மணி" என்று என்னிடம் ஒருநாள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் கம்பெனியிலிருந்து எச்சரிக்கை வந்தது. பேச்சுப் பதிவுகளைக் கேட்டு மதிப்பெண் போடும் யாரோ, பின்னணியில் இரைச்சல் என்று எழுதிவிட்டார்கள். இன்னொரு தடவை கேட்டால் வேலை போய்விடும். "எங்கப்பாவை நாய்ஸ்னு போட்டிருக்காங்கக்கா" என்றாள். அதைச் சொல்லும்போதும் குரலில் அதே தேன்.

"இந்தக் கண்றாவி வேலையை விட்டுத் தொலையேன்டி" என்றேன்.

"வெளிய வேலைக்குப் போனா அப்பாவை யாரு பாத்துக்குவாங்க? வூட்ல இருந்தே செய்யிற வேலை வேற யாரு தருவாங்க, சொல்லுங்க?"



அந்த எச்சரிக்கைக்குப் பிறகு பயத்தில் கை இறங்குவது குறைந்துபோயிற்று. தலை வாரினால் கொத்தாக முடி வருகிறது அவளுக்கு. வேலை முடிந்த பிறகும் அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. சோறு, மாத்திரை, வெந்நீர் எல்லாம் சைகையில்தான். விடுமுறை நாளில்கூட அவர் மகள் கையைப் பார்த்துவிட்டுத்தான் இருமுகிறார்.

இந்தப் புதன்கிழமை யாரோ ஒரு மகானுபாவன் மூச்சுவிடாமல் திட்டித் தீர்க்க, கையை இறக்க அவளுக்கு வாய்க்கவே இல்லை. அழைப்பு முடிந்து திரும்பிப் பார்த்தால், பால்ராஜ் வாயில் துண்டோடு சுவரில் சாய்ந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஹெட்செட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து என் கதவைத் தட்டினாள். ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ஆக்ஸிஜன் வைத்து மூச்சு நிதானத்துக்கு வந்ததும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரே கூட்டம், பாட்டிலை மாட்டக் கம்பி கிடைக்கவில்லை. தமயந்தியே அதை இடது கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா அவர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, "எங்க, நல்லா இருமுங்க ஐயா" என்றார்.

பால்ராஜ் வாயை இறுக்கிக்கொண்டார். டாக்டரம்மா இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னார். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் முட்டியது, இருமல் மட்டும் வெளியே வரவில்லை.

"இவருக்குக் காது கேக்காதா?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

நன்றாகவே கேட்கும். அவர் கண் மகளின் கையிலேயே இருந்தது. நான் பார்த்ததைத் தமயந்தியும் அப்போதுதான் பார்த்தாள்.

பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு, கையைக் கீழே இறக்கினாள்.